அருள்ராஜ் செய்த கேபிள்

போன செவ்வாய்க்கிழமை கரையாம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மருமகன் கார் ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஏதோ ஒன்றைச் செருகிவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இன்ஜினின் வேகம், தண்ணீரின் சூடு, எந்த சென்சார் சரியில்லை என்பதெல்லாம் திரையில் ஓடின. செருகியதிலிருந்து எட்டு நொடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் புகழ்வதில்லை.

"இப்ப எல்லார்கிட்டயும் இருக்குது மாமா" என்றார்.

அதே வேலையைச் செய்ய அந்தக் காலத்தில் எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. சரியாகச் சொன்னால், ஏழு வாரம் முயன்றும் எனக்கு ஆகவில்லை. அருள்ராஜுக்கு ஆயிற்று.

வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் இருந்த ஒரு கார் பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒரே வயது. நான் பாலிடெக்னிக் முடித்தவன். பட்டறையின் பதிவேடு என் பொறுப்பு. எந்த வண்டி எப்போது வந்தது, என்ன கோளாறு, அன்று மழையா வெயிலா என்பதுவரை எழுதுவேன். மழையை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அருள் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரன், பத்தாவதோடு நின்றவன். ஸ்பேனரை அவன் எடுப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அளவு பார்க்காமல் எடுப்பான், சரியாக இருக்கும்.

கம்ப்யூட்டர் வைத்த கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கிய காலம் அது. கோளாறு என்னவென்று தெரிய வேண்டுமானால், டவுனில், அதற்கான கருவி இருந்த ஒரே இடமான கம்பெனி ஷோரூமுக்கு வண்டியை அனுப்ப வேண்டும். முதலாளிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "யாரு மொதல்ல இன்ஜின பேச வைக்கிறானோ, இனிமே கம்ப்யூட்டர் வண்டி அவனுதுதான்."

படித்தவன் நான். அது எனக்கென்றே சொன்னது போலத்தான் எடுத்துக்கொண்டேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, காரையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிளின் படத்தோடு நாற்பது பக்கம் அச்செடுத்தேன். காரிலிருந்து மூன்று கம்பி, நடுவே எட்டுக்கால் ஐசி சில்லு ஒன்று, சில ரெசிஸ்டர்கள், லேப்டாப்புக்குப் போகும் கம்பி. அவ்வளவுதான் கேபிள். கம்பிகளை ஒட்ட ஈயம் வைக்கும்போது எழும் புகையில் சாம்பிராணி வாடை இருக்கும். அருள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "இன்னா ஃபாதர், பூசை எப்ப முடியும்?" என்பான்.

ஒரு நாள், "படத்த ஒரு ஜெராக்ஸ் குடுடா" என்றான். கொடுத்தேன். தாராள மனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அது புரியாது என்ற தைரியம்.

காரில் செருகும் பதினாறு முனை பிளக் பாண்டிச்சேரியில் கிடைக்கவில்லை. நான் சென்னைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அருள் காத்திருக்கவில்லை. உடைப்புக்குப் போன ஒரு காரின் சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே கிரீஸ் தடவி, தேவையான மூன்று முனைகளை மட்டும் நிறுத்தி, சுற்றிலும் எம்சீல் பசையை அமுக்கினான். காய்ந்ததும் இழுத்தான். கொழுக்கட்டை அச்சிலிருந்து வருவதுபோல் பிளக் வந்தது. அவ்வளவு அசிங்கமான பொருளை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பொருத்தமான ஒன்றையும் பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து என் பிளக்கும் வந்து சேர்ந்த பிறகு, பாகூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் காரில் முதலில் என் கேபிளைச் செருகினோம். ஒவ்வொரு கம்பிக்கும் உறை, அதன்மேல் என் கையெழுத்தில் சீட்டு. திரை அசையவில்லை. அடுத்து அருளுடையது. எண்கள் துள்ளி விழுந்தன. எண்ணூற்று ஐம்பது சுற்று, தண்ணீரின் சூடு, ஒரு சென்சார் கோளாறு.

"இன்னாபா, காருக்கு ஈசிஜி எடுக்கறியா?" என்றார் கரும்புக்காரர்.

"யார்றா பண்ணது?" என்று முதலாளி கத்தினார்.

"படம் என்னுது" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ஆமா மொதலாளி, படம் அவந்தான் குடுத்தான்" என்றான் அருள், நான் சொன்னதைவிட உரக்க. பிறகு என் கேபிளைப் பிரித்துப் பார்த்தான். "டேய், இந்த ரெசிஸ்டர்ல மூணாவது கோடு பழுப்பு இல்லடா, செவப்பு இருக்கணும். மாத்தி வச்சிட்டபா." புதிதாக ஒன்றை வைத்தான். இரண்டே நிமிடத்தில் என் கேபிளும் வேலை செய்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று மாலை பதிவேட்டில் வண்டி எண், கரும்புக்காரர் பெயர், கோளாறு, தண்ணீரின் சூடு, லேசான தூறல் எல்லாம் எழுதினேன். "கேபிள் வேலை செய்தது" என்றும் எழுதினேன். யார் செய்த கேபிள் என்று எழுதவில்லை. கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. அதில் குறுக்காக ஒரு கோடு போட்டு மூடினேன்.

ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் வண்டிகள் அவனிடமே போயின. வந்தவர்கள் "அருளு இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்கள். பிறகு சென்னையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இதே வேலைக்கு அவனை அழைத்தார்கள். படிப்புச் சான்று இல்லாததால் அனுபவக் கடிதம் கேட்டார்கள்.

முதலாளி என்னிடம்தான் சொன்னார். "நீதான எல்லாத்தையும் எழுதி வச்சிருக்க. அதப் பாத்து எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

பார்த்தேன். பதிவேட்டில் கேபிளுக்கு அருகே அவன் பெயர் எங்கும் இல்லை. 'பொது மெக்கானிக் வேலைகளில் அனுபவம் உள்ளவர், நேர்மையானவர்' என்று எழுதினேன். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அருள் வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தான்.

"பொய் ஒண்ணும் இல்லியே?" என்றேன்.

"இல்லடா. எல்லாம் கரெக்டா இருக்குது." மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு அங்கே கிடைத்தது வண்டி கழுவும் பிரிவு. மூன்று மாதத்தில் அதை விட்டுவிட்டதாகக் கேள்வி. பட்டறைக்கு அவன் திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் வண்டிகள் எனக்கு வந்தன. கொஞ்ச நாளில் அவையும் வேறு பட்டறைகளுக்குப் போய்விட்டன.

இன்று அந்தச் சாலையில் எதுவும் மிச்சமில்லை. பதிவேடுகளை ஒரு மழை வெள்ளம் கரைத்தது. கேபிள் வேலை செய்த நாளின் தேதி அதில்தான் இருந்தது. ஐப்பசி என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கேபிளைச் செருகும் துளை இப்போதைய லேப்டாப்புகளில் இல்லை. முதலாளி காலமாகிவிட்டார். சாலையை அகலமாக்கியபோது பட்டறை முழுக்கச் சாலைக்குள் போய்விட்டது. ஈயம் வைக்கும் மேசை கிடந்த இடத்தில் இப்போது பேருந்து வந்து நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் அங்கே அந்தக் கரும்புக்காரரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார்.

"தம்பி, உங்க அருளு சேதி தெரியுமா? இப்ப அவன் எப்பிடி இருக்கான் தெரியுமா?"

முகம் நிறையச் சிரிப்பு. நல்ல சேதி என்று தெரிந்தது.

"பஸ் வந்துடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பேருந்தில் ஏறிவிட்டேன். அது திருக்கனூர் போகும் பேருந்து. எனக்குத் திருக்கனூரில் ஒரு வேலையும் இல்லை. கடைசி நிறுத்தம் வரை போனேன்.