பிஸ்கற் பேணிக்குள் இருந்த குளிசைகள்

அந்தப் பிஸ்கற் பேணியின் மூடியைக் கிளப்ப ஒரு கரண்டிக் காம்பு வேண்டும். கடற்காற்றில் அதன் விளிம்பு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. யுத்த காலத்தில் எங்கள் வீட்டு மருந்தெல்லாம் அதற்குள்தான் கிடந்தது: பாதி வெட்டிய பனடோல் அட்டைகள், யாருடைய காய்ச்சலுக்கோ வாங்கி மிஞ்சிய குளிசைகள், பெயர் அழிந்துபோன களிம்பு. திருகோணமலையில் அப்போது எந்த வீட்டிலும் ஒருவரும் மருந்தை முழுதாகக் குடித்து முடித்ததாக எனக்கு நினைவில்லை. காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவோம். நாளைக்குப் பாதையைப் பூட்டினால் என்ன செய்வது? மெழுகுதிரியையும் மண்ணெண்ணெயையும் சேர்த்தது போலவே குளிசையையும் சேர்த்தோம்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். குடாவுக்கு அக்கரையில், சம்பூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அவர் தாதியாக இருந்தார். லீவு கிடைத்தால் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் வருவார். இறங்குதுறையில் கால் வைக்கும்போதே, “உங்கட அண்ணர் சமைச்சாரோ, இல்லாட்டி நான் திரும்பி லோஞ்சில ஏறவோ?” என்று ஊர் கேட்கக் கேட்பார். அண்ணன் வெட்கத்தில் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்துவிடுவார்.

நான் படிப்பித்த பாடசாலைக்கு ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “மச்சாள், ஊசி குத்திப்போட்டுது” என்றார். அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. காயப்பட்டு வந்த ஒரு மீன்பிடிக்காரருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்து கட்டிடம் அதிர்ந்திருக்கிறது. அவருடைய இரத்தத்தோடு இருந்த ஊசி மச்சாளின் விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அந்த மனிதர் வலியோடு வலியாக, “மிஸ்ஸி, கையைக் கழுவுங்கோ. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதுக்காகத்தான் வெளிநாட்டில இருந்து திருப்பி அனுப்பினவங்கள்” என்று சொல்லியிருக்கிறார். அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அவரைப் பற்றி மச்சாள் ஒருநாளும் கோபமாகக் கதைத்ததில்லை. ஆஸ்பத்திரி வேலைக்காரப் பெண்ணொருத்தி பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல மணிக்கட்டில் கட்டுப்போடச் சீலைத் துண்டோடு ஓடிவந்தாளாம். மச்சாள் அவளை விலக்கிவிட்டு, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் விரலைக் கழுவியிருக்கிறார்.

நோய் வராமல் தடுக்க மருந்து இருந்தது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கியே ஆகவேண்டும். பிறகு இருபத்தெட்டு நாள், காலையும் மாலையும், விடாமல் குடிக்கவேண்டும். ஆனால் அது பட்டணத்தில் ஒரே ஒரு கிளினிக்கில்தான் இருந்தது. லோஞ்சோ ஓடவில்லை. பாதையும் பூட்டியிருந்தது.

அண்ணன் கிளினிக்குக்கு ஓடினார். நானும் போனேன். “முதல்ல ரத்தத்தைச் சோதிச்சுப் பாப்பமே டொக்டர். இருந்தாத்தானே மருந்து?” என்று அண்ணன் கேட்டார். டொக்டர் தலையை ஆட்டினார். “இப்ப சோதிச்சா ஒண்டும் தெரியாது. தெரியவாற நேரம் இந்த மருந்தால பிரயோசனம் இருக்காது. எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ.” எப்படி? எங்களுக்கும் அவருக்கும் நடுவில் கிடந்தது ஒரு குடாக்கடல்தான். இறங்குதுறைக்குக் கிட்ட எங்களை விடவில்லை. தூர நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் அத்தனை அமைதியாக இருந்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

மூன்றாம் நாள், காயப்பட்டவர்களை ஏற்றிவந்த படகொன்றில் மச்சாள் வந்து சேர்ந்தார். கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. கிளினிக் வாங்குப் பலகையில் இருந்தபடி என் போத்தல் தண்ணீரில் முதல் குளிசையை விழுங்கினார். “போத்தல் மூடியை ஏன் மச்சாள் இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? குத்தினது எனக்கெல்லோ” என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில்தான் நின்றார். குளிசையின் வேகத்தில் சத்தி எடுத்தார், மெலிந்தார். தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையை அண்ணன் தனியாக வைத்ததை மச்சாள் கண்டுபிடித்து, “கோப்பையால அது வராது எண்டு உங்கட அண்ணருக்குச் சொல்லுங்கோ. அவருக்கு என்ர தேத்தண்ணி பிடிக்காட்டி அது வேற கதை” என்று குசினி அதிரச் சிரித்தார். அண்ணன் அன்றைக்கே அந்தக் கோப்பையில் குடித்துக் காட்டினார்.

ஒரு பின்னேரம் தலையிடிக்குப் பனடோல் தேடிப் பேணியைத் திறந்தேன். பஞ்சுக்குள் பொதிந்து சில குளிசைகள் இருந்தன. ஒவ்வொரு காலையும் என் கண்முன்னே மச்சாள் விழுங்கிய அதே குளிசைகள். பேணியை அப்படியே எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“இதென்ன மச்சாள்?”

அவர் அந்தப் பஞ்சை வாங்கித் திரும்பச் சுருட்டினார். பிறகு, “அங்க என்னோட வேலை செய்யிற பிள்ளையள் இருக்குதுகள். லோஞ்சு நிண்ட நேரம் ஊசி குத்தினா, முதல் குளிசைக்கு அதுகள் எங்க போறது?” என்றார்.

“உங்களுக்கு?”

“எனக்குக் காலமைக் குளிசை காணும்.”

காலைக் குளிசை மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மூன்று நாளும் அக்கரையில் நின்று கடலைப் பார்த்தவர் அவர். எங்கள் எல்லோரையும் போல அவரும் நாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டரின் முகம் வெளிறியது. “மிஸ்ஸி, இது சீட்டுக் காசில்ல, சேர்த்து வைக்க. விட்டதைக் கூட்டிக் குடிக்காதேங்கோ. இண்டையில இருந்து ஒண்டும் தவறவிடாதேங்கோ. அக்கரைக்கு முதல் குளிசைகளை அனுப்புறது என்ர பொறுப்பு.” விட்டுப்போன நேரங்களால் கெடுதல் வருமா என்று கேட்டேன். “கடைசிப் பரிசோதனையிலதான் தெரியும்” என்றார். அடுத்த படகில் குளிசைகள் அக்கரைக்குப் போயின. அந்தச் செய்தி கேட்ட பிறகுதான் மச்சாள் மாலைக் குளிசையை மனமார விழுங்கினார்.

கடைசிப் பரிசோதனை வரைக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். அவருக்கு இருமல் வந்தாலும் அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மச்சாள் இப்போது சாம்பல்தீவில் கோழி வளர்க்கிறார். நான் மட்டும்தான் இன்னும் அந்த இறங்குதுறையில் நிற்கிறேன் போல.

போன கிழமை கொழும்பில் தாதியாக இருக்கும் என் மகள் தொலைபேசி எடுத்தாள். “அம்மா, பயப்பிடாதேங்கோ. ஒரு ஊசி குத்திப்போட்டுது. மருந்து எங்கட வாட்டு அலுமாரிக்கையே இருந்தது. உடனே குடிச்சிட்டன்.” நான் என்ன சொன்னேனோ தெரியாது. “ஓம் அம்மா, மாமியின்ர கதை எனக்குத் தெரியும். ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டன்” என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அவளுக்கு இருபத்தெட்டு நாள் முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் கேட்கிறேன். “குடிச்சிட்டன் அம்மா” என்கிறாள். அந்தப் பேணிக்குள் இப்போது பொத்தான்களும் நூலும்தான். என்றாலும் தொலைபேசியை வைத்ததும் கரண்டிக் காம்பை எடுத்து, மூடியைக் கிளப்பி, உள்ளே பார்க்கிறேன்.