டீக்குப் பிறகு பேசப்போகிறவள்

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எழுதாவிட்டால் மனம் அடங்காது.

இன்று வடசேரியிலிருந்து இராஜாக்கமங்கலம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். நம்மூர் வரலாற்றுச் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போவியளா அக்கா?"

"போவேன். மொதல்ல ஒரு சார் கோட்டாறு கடைத்தெருவப் பத்திப் பேசுகாரு. பொறவு டீயும் பழபஜ்ஜியும் தருவாவ."

"அதுக்குப் பொறவு?"

"யாரோ ஒரு பிள்ளை ஊர்க் கெணறுகளப் பத்திப் பேசுகாளாம். டீ குடிச்சாச்சுன்னா பாதி சனம் கெளம்பிரும். நானுந்தான்."

அந்தப் பிள்ளை நான்தான். கையிலிருந்த பேச்சுக் குறிப்புத் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். என் நிறுத்தம் வருமுன்பே இறங்கி நடந்துவிட்டேன்.

எனக்கு இது முதல் மேடை. அம்மா அன்றைக்குத் தான் கட்டப்போகும் சேலையை இப்போதே தேய்த்து வைத்திருக்கிறாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் மேடையிலிருந்து பார்க்க முடியாது.

சங்கச் செயலாளர் சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் கேட்கக் கூச்சம். பஜ்ஜி ஆறுமுன் முடித்துவிடுவேன்.

இந்த ஒரு ஞாயிறு மட்டும், டீயை என் பேச்சுக்குப் பிறகு கொடுக்கலாமா?