தலைவலியும் தலையில் அடித்த சத்தியமும்

என் தலைவலிக்கு வயது இருபத்து மூன்று. என் கல்யாணத்தைவிட மூத்தது. இடது கண்ணுக்குப் பின்னால் கிளம்பி, பிடரி வரை போய், அங்கே கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, வந்த வழியாகவே திரும்பும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் வதக்குகிற வெங்காயமும் ஆகாது. பினாங்கில், பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இந்த மூன்றும் ஆகாது என்று சொல்கிறவனை யார் மதிப்பார்கள்? "ஆம்பளைக்கு என்னா லா தலவலி?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். தலை என்று ஒன்று ஆண்களுக்கும் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. சரக்குப் பெட்டி கப்பல் ஏற வேண்டிய நாளில் தலைவலி என்று எம்சி லீவு எடுத்தால், மேலதிகாரிக்கு என்னைவிட அதிகமாகத் தலை வலிக்கும். ஆகவே மாத்திரைதான் துணை. காலையில் இரண்டு, மதியம் இரண்டு, மாலையில் சூழ்நிலையைப் பொறுத்து. பல வருடம் பொறுமையாக இருந்த என் வயிறு, ஒருநாள் அலுவலகக் கழிப்பறையில் ரத்தமாகப் பதில் சொன்னது. ஐந்து நாள் வார்டில் படுத்தேன். இனி இந்த மாத்திரையைத் தொட்டால் வயிறு தாங்காது என்று டாக்டர் என் கட்டிலருகே நின்று சொன்னார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் பேச்சு மட்டும் போதாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். என்னை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே மகளைக் கூப்பிட்டாள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தவள் விரலெல்லாம் பசையோடு வந்து நின்றாள்.

"இவ தலையில அடிச்சி சத்தியம் பண்ணுங்க. இனிமே வலி மாத்திரைய தொட மாட்டேன்னு."

நான் அறிவியல் படித்தவன். பூனை குறுக்கே போனால் நின்று பார்க்கிற ஆட்களைக் கிண்டல் செய்தே பாதி நண்பர்களை இழந்தவன். பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்கு ஆகாது என்பதெல்லாம் என்னிடம் எடுபடாது. ஆகவே மிகத் தைரியமாகக் கையை வைத்தேன்.

"ஏம்மா என் தல? உங்க தலையில பண்ணச் சொல்ல வேண்டியதுதானே?" என்று மகள் கேட்டாள்.

அன்று அந்த வீட்டில் பேசப்பட்டதிலேயே புத்தியுள்ள பேச்சு அதுதான். அதற்குள் நான் சத்தியத்தைச் சொல்லி முடித்திருந்தேன்.

சத்தியத்தைப் பத்தொன்பது நாள் காப்பாற்றினேன். குறைவாக நினைக்க வேண்டாம், அதில் மூன்று திங்கட்கிழமைகள் அடங்கும்.

அதன் பிறகு என் சட்ட அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது. சத்தியம் செய்தபோது எல்லோர் மனத்திலும் இருந்தது வயிற்றைக் கெடுத்த அந்த மாத்திரை. நான் இப்போது வாங்குவது வேறு, வயிற்றுக்கு அவ்வளவு கெடுதல் இல்லாதது. தவிர, 'தொட மாட்டேன்' என்றுதானே சொன்னேன்? புதினா மிட்டாய் டப்பா ஒன்றில் மாத்திரைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து நேராக வாயில் சாய்த்துக்கொள்வேன். விரல் படவே படாது. டப்பா காடியில், கியர் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. கணவனுக்குத் திடீரென்று வாய் மணம் பற்றி அக்கறை வந்துவிட்டதாக மனைவி சந்தோஷப்பட்டாள்.

ஆனால் மாத்திரை இல்லாமல் ஒருவன் எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறான் என்ற சந்தேகம் அவளுக்கு வருவதற்குள் நான் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் கழுத்து வலிக்குக் கைரோபிராக்டரிடம் போய்வந்தார். முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே சரிசெய்து தலைவலியைப் போக்குகிறாராம். மருந்தே கிடையாதாம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் தேவைப்பட்டது.

இடம் ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடி. கீழே இரண்டு கடை தள்ளி நாசி கண்டார் சோற்றுக்கடை. பத்து மணிக்கே மீன்தலைக் கறி கொதிக்கிற வாசம் படியேறி வந்துவிடும். தலைவலிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் கிடைக்காது. உள்ளே ஒரு சீன இளைஞர், ஆஸ்திரேலியாவில் படித்த சான்றிதழ், கொக்கியில் தொங்குகிற பிளாஸ்டிக் முதுகெலும்பு. நாற்பத்தாறு வயதுக்காரனான என்னைப் பார்த்ததும் "வாங்க அங்கிள்" என்றார். தலைவலி அங்கேயே கொஞ்சம் கூடியது.

நான்கு பக்கத்துக்கு ஒரு பாரம் நிரப்பக் கொடுத்தார். மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினேன். மனைவி பக்கத்தில்கூட இல்லை. பழக்கம் விடவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கைக்கு வலு இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, மரத்துப் போகிறதா என்று பதமாகச் சோதித்துவிட்டுத்தான் கழுத்தைத் தொட்டார். ஒரு திருப்பு. நண்டு ஓட்டை உடைக்கிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது, கொஞ்சம் இலேசாகவும் இருந்தது. துண்டை வைத்துச் செய்கிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார். என் தலையணையைப் பற்றிக் கேட்டு வருத்தப்பட்டார். அவர் வாரம் ஒருமுறை சரிசெய்வதை நான் நாள் தவறாமல் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது முறை, "எப்படி இருக்கு அங்கிள்?" என்று அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டார். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. போயே போய்விட்டது என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்தார். இந்தியர்களுக்காகத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்ல முடியுமா என்றார். பிளாஸ்டிக் எலும்பின் பக்கத்தில் நின்று, இருபது வருடத் தலைவலி ஆறே தடவையில் ஓடிவிட்டதாக, மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் என்பதை அழுத்தி, நான் சொன்னேன். பிறகு கீழே வந்து காடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

அந்த வீடியோவை என் மனைவி அனுப்பாத ஆள் இல்லை. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து அவள் சொந்தக்காரர்கள் பாலத்தைத் தாண்டி வந்து அந்த மாடிப்படி ஏறினார்கள். அதில் இரண்டு பேருக்கு உண்மையாகவே கழுத்து சரியாகி, தலைவலியும் குறைந்து, எனக்குப் பழம் வாங்கி வந்து நன்றி சொன்னார்கள். குணமானவர்கள் மத்தியில் குணமாகாத ஒரே ஆள், விளம்பரத்தில் நின்றவன்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. மகள் இடைநிலைப்பள்ளியில் ஃபார்ம் டூ போனாள். ஒருநாள் டியூஷனிலிருந்து வந்து, சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தாள். அடுத்த வாரம் மறுபடி. அப்புறம் வாரத்துக்கு மூன்று, நான்கு.

"அப்பாவுக்கு வந்ததுதான். அப்பாவுக்குப் போன மாதிரியே இவளுக்கும் போயிடும்" என்றாள் மனைவி, கைப்பேசியில் அந்த வீடியோவைத் தேடிக்கொண்டே.

எனக்குப் பயம் வந்தது. அறிவியல் படித்தவனுக்கு, பூனைக்காரர்களைக் கிண்டல் செய்தவனுக்கு, பொய்ச் சத்தியத்தின் பயம். பரம்பரையாக வருவதுதான் என்று எனக்குத் தெரியும், படித்தும் இருக்கிறேன். இருந்தும் அவள் பொத்திக்கொண்டிருந்த இடம், சத்தியம் செய்தபோது என் கை இருந்த தலை. அவள் வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், நீதான் நீதான் என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? பயத்தில் எனக்கும் தலை வலித்தது. அதற்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் அந்த மாடியேறினோம். இளைஞர் என்னைப் பார்த்து, கடைக்கு அதிர்ஷ்டம் வந்ததுபோல் சிரித்தார். பதினான்கு வயதுக் கழுத்தைத் திருப்புவதற்கு முன்னால் நிறையக் கேட்க வேண்டும் என்று சொல்லி, பாரத்தை அவரே நிரப்ப உட்கார்ந்தார். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"மாத்திரை ஏதாவது எடுக்கிறாளா?"

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. நான் உள்ளயே விடறதில்ல" என்றாள் மனைவி பெருமையாக.

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்டிக் எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எப்பவாவது எடுப்பேன்" என்றாள் மகள்.

"எப்பவாவதுன்னா?"

"ஸ்கூல் இருக்கிற நாள்ல ரெண்டு. சனி ஞாயிறுல ஒண்ணு."

மனைவிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "யார் லா குடுத்தா உனக்கு?"

"கூட்டாளி. கிளாஸ்ல பக்கத்துல உட்கார்றவ. அவ அம்மா கிளினிக்ல வேல செய்றாங்க. அவங்க வீட்டுல நிறைய இருக்கும். நான் கேக்கல, அவளாத்தான் குடுத்தா."

கண் சிமிட்டாமல் சொன்னாள். தேவையான அளவுக்கு விவரம், கடைசியில் கொஞ்சம் தன்மேல் பழி குறைகிற மாதிரி ஒரு வரி. நான் அந்த வேலைப்பாட்டை அடையாளம் கண்டுகொண்டேன். சில நாட்களாக மிட்டாய் டப்பா சீக்கிரம் காலியாகிறதே என்று நினைத்து, என் தலைவலி முற்றிவிட்டதாகக் கணக்குப் போட்டிருந்தவன் நான். மனைவி அதற்குள் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்திருந்தாள். அந்தக் கூட்டாளியின் அம்மாவுக்கு இப்போதே போன் போடப் போகிறாளாம்.

விட்டுவிட்டிருந்தால் போன் போயிருக்கும். இல்லாத ஒரு குற்றத்துக்கு யாரோ ஒரு பிள்ளை வசவு வாங்கியிருக்கும். என் வீட்டில் எல்லாம் பழையபடி நடந்திருக்கும். அதையும் ஒரு நொடி யோசித்தேன், மறைக்க மாட்டேன்.

"கூட்டாளி இல்ல. என்னோடது. காடியில இருக்கிற டப்பா" என்றேன்.

மனைவி கைப்பேசியைக் கீழே வைத்தாள். "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள். பத்தொன்பது நாள் கணக்கைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இளைஞர் பேனாவை மூடினார். அன்று அவர் யார் கழுத்தையும் தொடவில்லை. அடிக்கடி மாத்திரை எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டு வந்துவிடும், கழுத்தைத் திருப்பிப் பிரயோசனம் இல்லை, இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும், நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் வலி இன்னும் மோசமாகும் என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "அப்படீன்னா அந்த வீடியோ அங்கிள்... எடுத்துடவா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு பணிவாக யாரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

கீழே இறங்கி வரும்போது மனைவி முன்னால் போய்விட்டாள். படியில் மகளும் நானும்தான்.

"எப்ப பாத்த?" என்று கேட்டேன்.

"நீங்க எடுக்க ஆரம்பிச்சப்பவே. ஸ்டாண்டர்ட் ஃபைவ்ல."

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா சண்ட வரும். அதோட..." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு என்னா ஆவும்னு தெரியலப்பா. செத்துடுவேனோன்னு ஒரு மாசம் பயந்துகிட்டே இருந்தேன். ஒண்ணும் ஆவல. அப்பறம் தலவலி வந்துச்சி. சரி, இதுதான் போலன்னு நெனச்சேன்."

நான் நம்பாத ஒரு சத்தியத்தை என் பிள்ளை ஒரு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் டப்பாவைச் சாய்த்து விரல் படாமல் விழுங்குகிற திறமையை மெச்சிக்கொண்டிருந்த மாதம் அது. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

டாக்டரைப் பார்த்தோம். நிறுத்தினோம். பள்ளி விடுமுறையில் நானும் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். முதல் முறையாக, காரணம் என்ற இடத்தில் 'தலைவலி' என்றே எழுதினேன். மூன்றாம் நாள் மத்தியானம், திரை மூடிய கூடத்தில் மகள் சோபாவிலும் நான் தரையில் பாயிலும், ஆளுக்கொரு ஈரத்துணியோடு கிடந்தோம். அந்தச் சனிக்கிழமையிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த மனைவி, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு ரெண்டு பேருக்கும்?"

மகள் துணியைக் கொஞ்சம் விலக்கி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்து, அதையே தானும் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"வலிக்குது" என்றேன். "ரொம்ப வலிக்குது."

"எனக்கும்மா" என்றாள் மகள்.