செஞ்சிக் கோட்டையில் வரைபடத்தைத் திருப்பிய குற்றம்

இந்தப் பதிவை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கோட்டையைப் பற்றி மட்டும் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தாம்பரத்தில் இயற்பியல் டீச்சர். பிள்ளைகள் அறிவியலையும், திசை, தூரம், வடிவம் போன்றவற்றையும் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் குழு ஒன்று, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். கோட்டையையும் பார்த்த மாதிரி இருக்குமே என்று ஒத்துக்கொண்டேன். நன்றாகச் செய்கிற சிலருக்குக் கோடை விடுமுறையில் சென்னையில் அறிவியல் முகாம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பிள்ளைகள் அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

தாம்பரத்தில் காலை ஐந்தரைக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு மூன்று மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "பைய கெட்டியா புடிச்சிக்கோங்கம்மா, கொரங்கு சும்மா இருக்காது" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது அரை மணி நேரத்தில் பலித்தது. என் இட்லிப் பொட்டலம் போயே போய்விட்டது. நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய்.

கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் புல்தரையில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மேற்கே ராஜகிரி, வடக்கே சாலைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் வீடியோ தெளிவாக வரும் என்று எல்லாரையும் தெற்குப் பார்த்து உட்கார வைத்தார் விக்னேஷ். அவர்தான் குழுவின் இளம் ஆய்வாளர். ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார். வடக்கு மேலே இருக்கிற வழக்கமான படம். மலைகள், களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் உண்டு, பெயர்கள் மட்டும் கிடையாது. எது எது என்று எழுதி, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் குறிக்க வேண்டும்.

சிங்கவரத்திலிருந்து வந்திருந்த பவித்ரா ஒருமுறை ராஜகிரியைப் பார்த்தாள், ஒருமுறை தாளைப் பார்த்தாள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே இருக்கிற தெற்கு, தாளிலும் எதிரே வந்துவிட்டது. மளமளவென்று எழுதி முதல் ஆளாகக் கொடுத்தாள். பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பில்லை.

விக்னேஷ் அதில் பூஜ்யம் போட்டார்.

"ஏன் தம்பி?" என்றேன்.

"தாளைத் திருப்பிட்டா மேடம். மனசுக்குள்ள திருப்பத் தெரியுதான்னுதானே பாக்கறோம். கையால திருப்பினா அந்தத் திறன் இல்லன்னு அர்த்தம்."

"திருப்பக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா டேட்டா கெட்டுடும் மேடம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மலையைப் பார்த்துப் படத்தைத் திருப்பி வைப்பதுதான் உலகத்தில் வரைபடம் பார்க்கிற எவரும் செய்வது. வெளியே தெரிவதையும் தாளில் இருப்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஒரு பிள்ளைக்குத் தானாகத் தோன்றுகிறது, அதைத் திறன் இல்லை என்று எழுதுகிறார்கள். அதுவும் வீடியோவுக்காகத் தெற்குப் பார்த்து உட்கார வைத்துவிட்டு! என்ன ஆராய்ச்சி இது? மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதை அளக்க வேண்டுமானால் தாராளமாக அளக்கட்டும், ஆனால் முகாமுக்கு ஆள் எடுக்க அதை எதற்கு அளவுகோலாக வைக்க வேண்டும்? பிள்ளைகள் காதில் விழும்படியே இதையெல்லாம் கேட்டேன். "முறைன்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்றார்.

கொடுமை அதோடு முடியவில்லை. மத்தியானம் சாப்பிடக் கிளம்பும்போது ஓட்டல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விக்னேஷ் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றினார். அவர் திரும்பத் திரும்ப, திரையில் வரைபடமும் கூடவே திரும்பியது.

"உங்க போன் திருப்பலாம், அந்தப் பொண்ணு திருப்பக் கூடாதா?" என்றேன். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் குழுவோடு சாப்பிடவில்லை.

ஊருக்கு வந்ததும் குழுவின் தலைவருக்கு நீளமாக எழுதினேன். பதிவானதை மாற்ற முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முகாமில் பவித்ராவுக்கு இடம் இல்லை.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: ராஜகிரி ஏறுவதானால் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள், பிற்பகலில் மேலே விடமாட்டார்கள். தண்ணீர் நிறைய வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தெரியும்படி வைக்காதீர்கள். மாணவர்களைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் ஒரு வரைபடம் கொண்டு போங்கள். தாளைத் திருப்பட்டும், எழுந்து நிற்கட்டும், சுற்றி வரட்டும். தயவுசெய்து வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

அன்று சாயங்காலம் பவித்ராவோடு பேருந்து நிலையத்தில் சிங்கவரம் பஸ்ஸுக்காக நின்றேன். நானும் விக்னேஷும் சண்டை போட்டது அவள் காதில் விழுந்திருந்தது.

"எங்க நைனா கேட்டா இன்னா மிஸ் சொல்றது? தப்பா எழுதிட்டேன்னா?"

"நீ எழுதுனது எல்லாமே சரிம்மா" என்றேன்.

பஸ் வந்தது. படியில் காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பேப்பர திருப்பக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் வடக்க பாத்து திரும்பி ஒக்காந்திருப்பேன் மிஸ்."