முனியாண்டியைத் தெரியாது என்றேன்

என் கூடப்பிறந்த அண்ணன் ஒரு பூசாரி. அவர் பூசை செய்யும் சாமியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று பொய் சொன்னேன். அன்றைக்கே அண்ணனிடமும் ஒரு பொய் சொன்னேன்.

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைக்காததையா நீங்கள் நினைத்துவிடப் போகிறீர்கள்?

தங்கா பத்து ஊரில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லா இனத்தவரும் உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் சல்மா, அவர்தான் ஆரம்பித்தார். இத்தனை வருடம் பக்கத்தில் இருக்கிறோம், ஒருவர் சாமியை ஒருவர் பார்த்ததில்லை, மாதம் ஓர் இடம் போய்ப் பார்ப்போம் என்றார். வேன் பிடித்தோம்.

முதலில் பள்ளிவாசல். தலையில் துணி போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்து, மனதில் இருந்த சந்தேகத்தையெல்லாம் அவர்களிடம் கேட்டேன். அடுத்த மாதம் சீக்கியர் கோயில். அவர்கள் சமையல்கட்டில் சப்பாத்தி உருட்டினேன். மூன்றாவது மாதம், எதிர்வீட்டுச் சீனர் அங்கிள் லிம் தன் பட்டறைக்குப் பக்கத்தில் மரத்தடியில் இருக்கும் டத்தோ என்ற காவல் சாமியைக் காட்டினார். சிவப்புக் கூண்டுக்குள் சொங்கோக் தொப்பி போட்ட சிலை. முன்னால் வெற்றிலை, பற்றவைத்த சிகரெட்.

"இவர் மலாய்க்காரர். அதனால பன்றி மட்டும் வைக்க மாட்டோம்" என்று அங்கிள் லிம் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

நாலாவது மாதம் என் முறை. அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் இன்னும் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில்தான் இருக்கிறார். செம்பனை மரங்களுக்கு நடுவே அப்பா காலத்து முனியாண்டி கோயில். சாமிக்குச் சுருட்டு, சாராயம், வருடத்துக்கு ஒரு கிடா.

"வரட்டும்லா பாப்பா. எல்லாத்தையும் காட்டுறேன்."

"மலாய்ல நான் எடுத்துச் சொல்றேண்ணே."

"நீ எதுக்கு? எனக்கு வாய் இல்லயா? 'தியா ஜாகா கித்தா.' அவரு நம்மளப் பாத்துக்குறாருன்னு. சரியா?"

அண்ணி பிஸ்கட்டும் பெட்டிப் பானமும் வாங்கிவைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேன் செங் என்ற ஊரைத் தாண்டும்போது காக் சல்மா கேட்டார்: "வீடியோவுல பாத்தேன். சாமிக்குச் சாராயம் வச்சு ஆடு வெட்டுறாங்க. உங்க கோயில்லயும் அப்படித்தானா?"

கேலி இல்லை. பள்ளிவாசலில் நான் கேட்டதுபோலத்தான் கேட்டார்.

"அது நாங்க இல்ல, காக். படிக்காத தோட்டத்து ஆளுங்க செய்யுறது. எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

படிக்காத ஆளாம்! நான் என்ன படித்துக் கிழித்தேன்? ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டப் போனவள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டால் முனியாண்டி திருநீற்றைப் பூசிய பிறகுதான் கிளினிக்குக்கே தூக்கிப் போவார்கள்.

வேனை டவுனுக்குத் திருப்பச் சொன்னேன். பெரிய கோயில், பளிங்குத் தரை, அழகாக மலாய் பேசும் கமிட்டிக்காரர். எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் வாசலுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இங்க நல்ல மழைண்ணே. யாரும் வரலையாம்."



"இங்க வெயிலடிக்குதே பாப்பா… பரவால்லலா. இன்னொரு நாளு கூட்டிட்டு வா."

வேனுக்கு வழி தெரியாமல் போய்விடுமே என்று அவர் ஏழு மணியிலிருந்து ரோட்டோரம் நின்றிருக்கிறார். அண்ணி பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலமே அங்கிள் லிம் படங்களைப் பேஸ்புக்கில் போட்டார், என் பெயரையும் சேர்த்து. பளபளவென்ற வெயிலில், பட்டுச்சேலையில், நான் நடுவில் சிரித்துக்கொண்டு… அண்ணி அதைப் பார்த்துவிட்டார். அண்ணனிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? போன மாதம் கேட்காமலே தெரிந்துவிட்டது.

கிளேபாங் கடற்கரையில் ஒரு கடையோரம் அண்ணனும் நானும் கோக்கனட் ஷேக் குடித்துக்கொண்டு நின்றோம். காக் சல்மா எதிரில் வந்தார். "இவர் யாரு?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டார். மலாயில், பணிவாக, தோட்டத்தில் வேலை செய்கிறவன், இந்தப் புவானை முன்னமே தெரியும் என்றார்.

பாப்பா என்று தூக்கி வளர்த்தவர், யாரோ ஒரு மேடத்தைச் சொல்வதுபோல என்னைப் புவான் என்றார். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்திருக்கிறார்.

இவர் என் அண்ணன், காக். எங்கள் கோயில் பூசாரி. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. காக் சல்மா அவசரப்படவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தார். எனக்கு நேரம் இருந்தது… நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

காக் சல்மா தலையசைத்துவிட்டுப் போனார்.

"காரு எங்க நிப்பாட்டின, பாப்பா?" என்றார் அண்ணன்.

கார் நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.