இரண்டு குப்பம், ஒரு பக்கம்

விக்கிப்பீடியாவில் ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் எனக்குக் கை பரபரக்கும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் ஊர்ப் பெயரிலும் இரண்டு இருந்தன. ஒன்று பெரிய குப்பம். மற்றது புயலுக்குப் பிறகு நாங்கள் பிரிந்துபோய்க் குடியேறிய சின்னக் குப்பம். சொந்தம் ஒன்று, அம்மன் ஒன்று. பொன்னேரி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் இணைத்து, காரணம் 'ஒரே ஊர்' என்று போட்டேன், அறிவுகெட்டவன்.

ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு, பாடு என்போம். அதில் நாங்கள் தனி ஊர். அந்த மாசப் பஞ்சாயத்தில் பெரிய குப்பத்துக்காரர் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் ஒரே ஊருன்னு நெட்லயே போட்டுக்கீது. அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பாடு?"

எங்கள் பாடு போயிற்று.

விஷயம் தெரிந்ததும் பக்கங்களை மறுபடி பிரிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சாயத்தோ பேசினது பேசினதுதான் என்றுவிட்டது.

என் அப்பா, நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. காய்ந்த வலைமேல் உட்கார்ந்து, "எவன் எழுதுனான்னு அதுல இருக்கும்ல, படிச்சுச் சொல்லு" என்றார். மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன். என் பெயர் இருந்தது.

"பேரு போடல நைனா" என்றேன்.