பச்சைக்குள் ஒரு மஞ்சள் கோடு

கல்லூரி ஆய்வகத்தில், வடிதாளில் ஏறிய முருங்கைக்கீரைச் சாற்றின் பச்சையைத் தாண்டி மயிரிழைபோல் ஒரு மஞ்சள் கோடு தனியே நின்றது. "கண்பார்வையைக் காக்கும் நிறமி இதுதான்" என்றார் பேராசிரியர். எங்கள் குடும்பத்தில் அதைப் பார்த்த முதல் ஆள் நான்.

சின்ன வயதில் என் அக்காவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள். முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கிக் கொடுக்கச் சொன்னார் ஊர்ச் சுகாதார நிலைய நர்ஸ்.

"ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுறதையா புள்ளைக்குக் குடுக்குறது?" என்றார் அப்பா.

"நம்ம ஆடு இருட்டுல எதுலயாச்சும் முட்டிக்கிட்டு நிக்குதாங்க?" என்றாள் அம்மா.

தினமும் கீரைதான். சில வாரம் கழித்து, அந்தி மங்கலில் அப்பா வயலிலிருந்து வந்தார். அக்கா எட்ட இருந்தே கேட்டாள்: "என்னப்பா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

அப்பா அதைச் சரிசெய்யவே இல்லை. தெருவில் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் சட்டையின் தையலைக் காட்டிக்கொண்டிருந்தார்.